சமையலறைக்குக் குறுக்கே

அண்ணா,

நம் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்ப மேஸ்திரிக்குச் சொல்லியாயிற்று என்று தம்பி போன் செய்தான். நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் நடுவே பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

இங்கே அகழாய்வில் ஒரு பழைய வீடு வெளிப்பட்டது. இரண்டாயிரம் வருஷமாவது இருக்கும். நல்ல பெரிய சமையலறை. அதற்குக் குறுக்கே, பிற்பாடு யாரோ உடைந்த செங்கல்லை வைத்து அவசரமாக ஒரு சுவர் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு.

"அண்ணன் தம்பி பாகம் பிரிச்சிருப்பாங்க போல" என்று எங்கள் இயக்குநர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று அந்தச் சுவரை நான்தான் துலக்கினேன். நடுவில் இரண்டு பக்கமும் திறந்தபடி ஒரு விளக்கு மாடம். இருபுறமும் புகைக்கரி. ஒரே விளக்கு இரண்டு அடுப்படிக்கும் எரிந்திருக்கிறது.

"பேச்சுவார்த்தை இல்லேன்னாலும் விளக்கை யாரோ ஒருத்தர் ஏத்தியிருக்காங்களே சார்" என்றேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

குழாய் உனக்கு, மாடிப்படி அவனுக்கு என்று எல்லாம் பேசி முடித்துவிட்டீர்கள். அம்மா எந்தப் பக்கம் என்று மட்டும் இருவரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இனிமேல் திறக்கவும் வேண்டாம். என் அறையில் இன்னொரு கட்டில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அம்மாவின் துணிமணியை எடுத்து வை.

அலுத்துப்போன,
உன் தங்கை