பக்கத்து வீட்டில் வைத்த பை

ஜூன் 23, திங்கள்

விஜி என்னோடு பேசி இன்றோடு ஐந்து நாள். பத்தாம் வகுப்பில் பூப்பந்து வேண்டாம் என்று சொன்னது ஒரு குற்றமா? பெற்ற மகள், என் எதிரில் உட்கார்ந்துகொண்டே, 'அவங்களுக்குக் குழம்பு வேணுமான்னு கேளும்மா' என்கிறாள். மஹாலக்ஷ்மி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை என்னிடம் திருப்பிக் கேட்கிறாள். வேண்டாம் என்றேன். வேண்டும்தான். சுண்டவத்தல் குழம்பு.

ஜூன் 25, புதன்

விஜியுடைய உடற்கல்வி ஆசிரியர் சல்மான் ஃபாரிஸ் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஐந்து பேர் ஆடுகிற ஆட்டம், உங்கள் மகள் இல்லாவிட்டால் எனக்கு நாலு பேர்தான் சார் என்றார். பாவமாகப் போய்விட்டது. ஒரு பேரம் பேசினேன். ஜூலை 26 மாவட்டப் போட்டி வரை ஆடட்டும். அதில் ஜெயித்தால் மேலும் ஆடலாம். தோற்றால் பேட் பரணுக்குப் போகும், பரீட்சை முடியாமல் இறங்காது. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிப் பயிற்சிக்கு மட்டும் அனுப்பமாட்டேன். ராகுகாலம்.

'சரின்னு சொல்லும்மா' என்றாள் விஜி. அம்மாவிடம்தான்.

ஜூன் 30, திங்கள்

காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். சும்மா நின்றேன். அவ்வளவுதான்.

ஜூலை 4, வெள்ளி

பந்து பொறுக்கிப் போட்டேன். அந்த மஞ்சள் கம்பளிப் பந்து கைக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது! முப்பத்தேழு தடவை குனிந்திருப்பேன். இடுப்பு போச்சு. நாளைக்கும் போவேன்.

ஜூலை 11, வெள்ளி

ஐயோ, என்ன அடி அடிக்கிறாள்! நின்ற இடத்திலிருந்து மணிக்கட்டை ஒரு திருப்பு, அவ்வளவுதான், எதிரில் இருக்கிறவள் பந்தைத் தேடுகிறாள். இதை அலுவலகத்தில் ஒரு ஃபைலை வைத்துச் செய்து காட்டினேன். யாரும் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. மேலதிகாரியின் டீ கிளாஸ் உடைந்தது. நானே பெருக்கினேன். பெருக்கும்போதும் சிரிப்பு வந்தது. எனக்கு என்ன ஆயிற்று?

ஜூலை 15, செவ்வாய்

மஹாலக்ஷ்மியும் இட்லியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மைதானத்துப் படியில் மூவரும் சாப்பிட்டோம். வீட்டில் நான் ஒரு நேரம், அவள் ஒரு நேரம், விஜி போனோடு ஒரு நேரம். இப்படி ஒன்றாக உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று! 'அவங்களுக்கு இன்னும் ரெண்டு வையும்மா' என்றாள் விஜி. கேட்காமலே சொன்னாளே.

ஜூலை 26, சனி

எழுதாமல் தூக்கம் வராது. ஆனால் முழங்கை எரிகிறது.

போட்டி பத்தரைக்கு. ஒன்பதரைக்குப் புறப்பட வேண்டும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம். விடுவேனா நான்? எட்டே முக்காலுக்கே விஜியின் பையைப் பக்கத்து வீட்டுத் தாணுமாலையன் அண்ணாச்சி பூஜை அறையில் பரஸ்தானம் வைத்தேன். நல்ல நேரத்தில் பை வாசலைத் தாண்டிவிட்டால் ஆளும் புறப்பட்டதாகத்தானே அர்த்தம். பிறகு போகிற போக்கில் எடுத்துக்கொள்ளலாம். பேட், ஷூ எல்லாம் அந்தப் பையில்.

ஒன்பதரைக்குப் போனால் கதவில் பூட்டு!

போன் போட்டேன். அண்ணாச்சி குடும்பத்தோடு பாபநாசம் போய்க்கொண்டிருக்கிறார். 'பரஸ்தானப் பையை அடுத்தவன் தொடக்கூடாதுல்லா வே, அதான் பத்திரமாப் பூட்டிட்டு வந்தேன்' என்கிறார், என்னமோ பெரிய உபகாரம் செய்தமாதிரி. பின்கதவுக்கு வெறும் தாழ்ப்பாள்தான், சுவரேறிக் குதியும் என்று யோசனை வேறு. விஜி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம். அம்மாவும் மகளும் ஆட்டோவில் போய்விட்டார்கள்.

குதித்தேன். ஐம்பத்திரண்டு வயதில். வேட்டி பாதி சுவரிலேயே நின்றுவிட்டது. தெருவில் போன யாரோ 'திருடன், திருடன்' என்று கத்த, 'ஏலே, நான் பாலசுப்பிரமணியன்லே' என்று நானும் கத்த, அந்த ஆள் அரை மணி நேரம் நிறுத்திவைத்து, வீட்டு நம்பரெல்லாம் கேட்டுவிட்டுத்தான் விட்டான்.

நான் மைதானத்துக்குப் போனபோது முதல் ஆட்டம் போய்விட்டது. இரவல் பேட்டோடு, வெறுங்காலோடு நின்றாள் என் பிள்ளை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிழிந்த வேட்டி, சட்டையெல்லாம் பாசி. பார்த்தாளே ஒரு பார்வை — சிரித்துவிட்டாள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடுவரும் சிரித்தார். இரண்டாவது ஆட்டத்தை அந்தச் சிரிப்போடேயே வாரிச் சுருட்டினாள். மூன்றாவது, முப்பத்திமூன்றுக்கு முப்பத்தைந்து. தோல்வி.

என்னால்தான். வேறு யாரால்? முதல் ஆட்டத்தைத் தின்றது நான்.

திரும்பும்போது மஹாலக்ஷ்மி பஸ்ஸில் வந்தாள், விஜி என் பின்னால். வண்ணார்பேட்டை தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல்:

'அப்பா, அந்தச் சுவரு எத்தனை அடி?'

'ஏழு.'

'பொய் சொல்லாதீங்க. அஞ்சுதான் இருக்கும்.'

ஐந்துதான். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, அப்பா என்று கேட்டு.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு, அவளே பேட்டைப் பரணில் வைத்தாள். 'சொன்னா சொன்னதுதான்ப்பா' என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பாட்டுக்குத் தூங்கியிருப்பேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஐந்து மணிக்கே விழிப்பு. போக இடம் இல்லை. விஜி கணக்குப் போடுகிறாள். நன்றாகத்தான் போடுகிறாள். எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. பத்துத் தடவை பரணைப் பார்த்திருப்பேன்.

மத்தியானம் மஹாலக்ஷ்மி கேட்டாள்: 'பேரம் அவ ஆட்டத்துக்குத்தானே போட்டீங்க? உங்க பரஸ்தானத்துக்குமா?'

நாலே முக்கால். ஐந்துக்குப் பயிற்சி. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பேட்டை எடுத்துத் துடைத்து அவள் கணக்கு நோட்டின்மேல் வைத்தேன். அவள் பேட்டைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள்.

'ராகுகாலம்ப்பா.'

'இருந்துட்டுப் போகட்டும். வண்டியில ஏறுட்டி.'

பக்கத்து வீட்டு வாசலில் தாணுமாலையன் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். 'என்ன வே, பையை இங்கன வச்சிட்டுப் போறீரா?' என்றார். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே போய்விட்டேன்.