அவன் மரியாதையாகப் பேசிய நாட்கள்

1984 ஜூலை 9, டூகான், மேல் வோல்டா

மழை இல்லை. ஃபூசெனி பாரே சைக்கிள் கடையைத் திறக்குமுன் வழக்கம்போல வேலியோரம் நின்று கத்தினான். “டேய் அடிமை! இன்னும் சாகலையா நீ?”

“நாய்த்தலைத் தின்னி, உன்னைப் புதைக்காம போகமாட்டேன்.”

நான் மோசி. அவன் சாமோ. அவர்களுக்கு நாங்கள் அடிமைகள், எங்களுக்கு அவர்கள் நாய்க்கறி தின்பவர்கள்; எங்கள் இரண்டு இனத்தாரும் ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கோபப்படத்தான் கூடாது. புதைகுழி வரைக்கும் அந்த உரிமை உண்டு, சாவு வீட்டிலும் வந்து கேலி செய்யலாம். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: ஒரே தொழுவத்து எருதுகள் கொம்பை உரசிக்கொள்ளும், குத்தாது.

என் மனைவி திபோகோ இன்று இரண்டு வாய்க் களிக்கு மேல் சாப்பிடவில்லை.

ஜூலை 17

மருத்துவர் என்னை மட்டும் தனியே அழைத்தார். கல்லீரலாம். மழைக்காலம் முடியும்வரை தாங்கினால் பெரிது என்றார். அவளிடம் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

வண்டியிலிருந்து அவளை இறக்கும்போது ஃபூசெனி நின்றிருந்தான். “எங்க அடிமையை எங்கடா இழுத்துட்டுப் போயிட்டு வரே? ரெண்டு நாள் என் வீட்டுக்கு அனுப்பு. நாய்த்தலைச் சூப்பு குடிச்சா எழுந்து ஓடுவா!”

திபோகோ சிரித்தாள். நான், “நாய்த்தலைத் தின்னி, போடா வெளியே” என்றேன்.

தினமும் சொல்வதுதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. என் குரலில் சிரிப்பு மட்டும் இல்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான், காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 18

“வணக்கம், ஆசிரியர் ஐயா. வீட்டுல அம்மா நல்லா இருக்காங்களா?” – ஃபூசெனி. ஐயாவாம்.

ஜூலை 26

இன்றும் ஐயா.

ஆகஸ்ட் 5

நேற்றோடு மேல் வோல்டா என்ற நாடு இல்லை. வானொலியில் சொன்னார்கள். இனிப் புர்க்கினா ஃபாசோ. நல்ல பெயர்தான், நம் சொற்களில் செய்தது. ஆனாலும் முப்பது வருடம் கரும்பலகையின் மேல்மூலையில் நான் எழுதியது பழைய பெயரை.

எனக்கு எட்டு வயதானபோது அந்த நாடு ஒருமுறை செத்தது. அறுத்த ஆட்டைப் பங்கு போடுவதுபோல மூன்று அண்டை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இளைஞனானபோது திரும்பவும் ஒட்டவைத்தார்கள். மோசி, சாமோ, பொபோ, ஃபுலானி என்று அத்தனை பேரையும் ஒரே வரைபடத்தில் அடைத்த பெயர். இப்போது அதுவும் போயிற்று.

வேறு சமயமாக இருந்தால் ஃபூசெனி ஓடி வந்திருப்பான். ‘உன் நாடு உனக்கு முன்னாடியே செத்துப்போச்சே வாத்தி!’ வரவில்லை. நாட்டின் சாவுக்குக் கேலி செய்ய யாருமே வரவில்லை.

ஆகஸ்ட் 19

திபோகோ என் கையைப் பிடித்தாள். “அந்த நாய்த்தின்னி வரணுங்க. நான் போறப்ப எல்லாரும் அழுதுட்டே நின்னா எனக்குக் கால் நகராது. போய்க் கூப்பிடுங்க.”

போனேன். “மன்னிச்சிடு” என்றேன். அதுவும் பிழை. மன்னிப்புக் கேட்டால் வைதது நிஜம் என்றல்லவா ஆகிவிடுகிறது! இத்தனை வயதில் இதுகூடத் தெரியவில்லை எனக்கு.

தோள்துண்டால் முக்காலியைத் துடைத்துப் போட்டான். “பெரிய வார்த்தை, ஐயா. உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

குடித்தேன். குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 2

விடியும் நேரம். திபோகோ.

செப்டம்பர் 6

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது.

அன்று மாலை குழி வெட்டி முடித்து அவளை இறக்கப் போனார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃபூசெனி வந்தான். குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“யாரைக் கேட்டு எங்க அடிமையைப் புதைக்கிறீங்க? ஒரு நாய்த்தலை வைக்காம பிடி மண் போட விடமாட்டேன்!”

நான் அவன் பெயரைச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. “வாத்திகிட்ட எனக்குப் பேச்சில்ல. இவ என் அடிமை. இவகிட்ட எனக்கு உரிமை இருக்கு.”

சடங்குப்படி மெல்லக் கோலாக் கொட்டைகளைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். எழுந்தவன் அவளுடைய நீலத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டான், இடுப்பில் கை வைத்தான். அச்சு அசல் அவள் குரல்: “செருப்போட உள்ள வராதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? பள்ளிக்கூடமா இது?”

பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கத்தான் கண்ணீர் உடைந்தது. பார்த்தால் அவன் முகமும் நனைந்திருந்தது.

அதன்பின் அவளை இறக்கவிட்டான்.

செப்டம்பர் 7

ஃபூசெனி வரவில்லை.

செப்டம்பர் 23

களி கிண்டினேன். ஒருவருக்கு எவ்வளவு மாவு என்று இன்னும் பிடிபடவில்லை. இரண்டு கிண்ணம் நிறைந்துவிடுகிறது. இரண்டாவதை ஆடுகளுக்குப் போட எழுந்தேன்.

வேலியோரம் சத்தம். “டேய் அடிமை! இன்னும் சாகலையா நீ?”

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். கேட்காமலே அவள் இடத்தில் உட்கார்ந்தான். வெண்டைக்காய்க் குழம்பில் உப்பில்லை என்றான், கழுதைகூட இதைத் தின்னாது என்றான். வைதுகொண்டே திபோகோவின் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்தான்.