கடைசி வரியைப் படியுங்கள், முசியே

மதாம் லாத்தா,

கீழ்வீட்டு ரோஸ் இன்று காலை முட்டைக்கோஸை நறுக்கி, காரமிளகாய் போட்டு, வினிகரில் ஊறவைத்தாள். அவர்களுடைய ஹெய்த்தி நாட்டு ஊறுகாய். அந்த நெடி மாடியேறி என் கதவு வரைக்கும் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் இரண்டு தும்மல் போட்டுவிட்டுக் கிண்ணத்தோடு கீழே இறங்கியிருப்பாய். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். நேற்று ஒரு காரியம் செய்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

எல்லாருக்கும் நீ லாத்தா, மூத்த அக்கா; பிரெஞ்சுக்காரி மாதிரி மதாம் என்று உனக்குப் பெயர் வைத்தது நான்தான். இந்த நியூ ஜெர்சி அபார்ட்மெண்டுக்கு நாம் இரண்டு பேருமே பிள்ளைகளுக்குப் பின்னால் வந்தவர்கள். நானும் காரைக்கால்தான், ஆனால் அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தது நீ. துணி துவைக்கும் அறையில் ரோஸ் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு அழுதாளே, அன்றைக்குத்தான் உன் பிரெஞ்சை முதலில் கேட்டேன். வீட்டில் சமைத்து விற்கக்கூடாது என்று அதிகாரி எழுதிக்கொடுத்த காகிதம் அது.

நீ விடவில்லை. டவுன் ஆபீஸுக்கு நடந்தாய். பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் சிறுதொழில் செய்ய அரசாங்கம் ஒரு பொதுச் சமையலறை தருகிறது, லைசென்ஸும் பயிற்சியும் தருகிறது என்று கேட்டு வந்தாய். ரோஸ், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெண்கள் என்று ஆறு பேர். வாஷிங் மெஷின் மேல் காகிதத்தை வைத்து ஆறு பேருக்கும் நீயே கடிதம் எழுதினாய். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் மூன்று வரி நீளத்துக்கு ஒரு வணக்கம். "இவ்வளவு எதுக்கு லாத்தா?" என்று கேட்டேன். "பிரெஞ்சுல கடுதாசின்னா அப்படித்தாண்டி முடிக்கணும். சும்மா முடிச்சா மூஞ்சில அடிச்ச மாதிரி," என்றாய்.

பதிவு செய்த அமைப்பு ஒன்று வேண்டும் என்றார்கள். அது நம் பள்ளிவாசலில் பழக்கமான ஹாஜா பாயிடம் இருந்தது. உன் சோபாவில் உட்கார்ந்து, உன் டீயைக் குடித்து, "கவலைப்படாதீங்க லாத்தா, என் அமைப்பு பேர்ல அப்ளை பண்ணிடுவோம்," என்றான். எல்லாக் கடிதத்தின் அடியிலும் அவனே கையெழுத்துப் போட்டான்.

சமையலறை கிடைத்தது. வெள்ளி, சனி, ஞாயிறு அவனுடைய பிரியாணி கேட்டரிங். ரோஸ் கூட்டத்துக்குத் திங்கட்கிழமை காலை மட்டும். நம்மூர்ப் பலகாரம் இறால் வாடா போட்டு விற்க நீ ஒரே ஒரு அடுப்பு கேட்டாய். என்ன சொன்னான்? "ரூல்ஸ் லாத்தா. இது பிரெஞ்சு பேசுறவங்களுக்கு. நாம இந்தியன்ஸ்."

நீ சிரித்தாய். பிரெஞ்சில் ஏதோ சொன்னாய். அவன் புரிந்த மாதிரி பல்லைக் காட்டித் தலையாட்டினான். காரில் வரும்போது என்ன சொன்னாய் என்று கேட்டேன். "நல்லா இருங்க தம்பின்னு சொன்னேன்." நீ அப்படிச் சொல்லக்கூடியவள். நான் அப்படி இல்லை.

பிப்ரவரியில் நீ போய்ச் சேர்ந்தாய். உன் ஜனாஸா தொழுகைக்கு அவன் முதல் வரிசையில் நின்றானாம். மகன் வந்து சொன்னான். அவனை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சமையலறையை அவனுக்கே நீட்டித்துக் கொடுக்க நேற்று டவுன் ஹாலில் கூட்டம். அவன் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, இந்தப் பெண்களுக்காக ஒவ்வொரு கடிதமும் நானே மனம் உருகி எழுதினேன் என்று இங்கிலீஷில் சொன்னான். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். பத்து நாளாக ரோஸ் எனக்கு ஒரே ஒரு வரி சொல்லிக்கொடுத்திருந்தாள். பாத்திரம் கழுவும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன்.

"லிஸே லா தெர்னியேர் லீஞ், முசியே." கடைசி வரியைப் படியுங்கள், ஐயா.

அவன் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டித் தலையாட்டினான். அதே தலையாட்டல்! மொழிபெயர்க்க வந்திருந்த அம்மாள் ஃபைலிலிருந்து உன் கடிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்து, அந்த வரியை விரலால் காட்டினாள். அவன் வாயைத் திறந்தான். ஒரு சத்தம் வந்தது. லாத்தா, அது பிரெஞ்சும் இல்லை, தமிழும் இல்லை. ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் ஆறு பேரும் பொத்தாமலே சிரித்தார்கள். ரோஸ் எழுந்து, "எங்கள் மதாம் எழுதியது," என்றாள். அதிகாரி ஃபைலை மூடினாள். நீட்டிப்பு இல்லை. ஆறு பேரும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு அமைப்பு பதிவு செய்யட்டும், சமையலறை அவர்களுக்கே என்று எழுதிவிட்டாள்.

பார்க்கிங்கில் ஓடி வந்தான். "தங்கச்சி, நம்ம ஆளை நீயே இப்படி அவமானப்படுத்தலாமா?"

"நம்ம ஆளா? நீங்க முசியே ஆச்சே பாய்!"

"மௌத்தானவங்களுக்காக இருக்கிறவன் பொழப்பைக் கெடுக்கிறியே."

"அவங்க உயிரோட இருந்தப்பவே செஞ்சிருக்கணும். லேட் பண்ணிட்டேன்."

அவன் முகம் வெளுத்ததைக் கண் நிறையப் பார்த்தேன். இன்னும் ஆறவில்லை. பள்ளிவாசல், கடை, கல்யாண வீடு, எங்கே பார்த்தாலும் அந்த வரியைச் சொல்வேன். அவனுக்கு இந்த ஊரில் இன்னொரு சோபா கிடைக்கக்கூடாது.

இதையெல்லாம் ரோஸிடம் சொல்லிச் சிரிக்க முடிகிறது. ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அவன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நீ என்னைத்தான் கேட்டாய், "எழுதினது நான்தானே, என் பேரையும் போடச் சொல்லவா?" என்று. "ஆபீஸ் காரியம் லாத்தா, ஆம்பளை பேர் போதும். பொம்பளை பேர் நாலு பேர் கைல எதுக்கு?" என்றது நான். கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயரைப் போடாமல் இன்னார் மகள் என்று அடித்த குடும்பத்தில் வளர்ந்தவள், வேறென்ன சொல்வேன்? நீ பேனாவை மூடி வைத்தாய்.

அவனை நிற்க வைத்துக் கேட்டுவிட்டேன். என்னை யார் கேட்பது? பேனாவை மூடினாயே, அந்த நேரம் உனக்கு என் மேல் கோபம் வந்ததா, லாத்தா?