கூரைமேல் இருக்கும் சைக்கிள்

தூங்கு, எழுப்பவில்லை. சாப்பாட்டை அடுப்பின்மேல் மூடிவைத்திருக்கிறேன். இன்றைக்காவது சாப்பிடு. நான் பஸ்ஸில் போகிறேன். காரை எடுத்துக்கொண்டு நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் வா.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஓடும் என்று கம்பெனி சொன்ன தூரத்தில் முக்கால்வாசிகூடக் கார் ஓடவில்லை என்று முந்தாநாள் உன்மேல் எரிந்து விழுந்தேன். "ஏசியைப் போட்டுக்கிட்டுப் பறந்தா சார்ஜ் எப்படி நிக்கும்?" என்று கத்தினேன். தப்பு உன்மேல் இல்லை. நேற்று மெக்கானிக்கிடம் காட்டினேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு சார். கூரைமேல சைக்கிளைக் கட்டிக்கிட்டே சுத்துறீங்க, அது காத்தைப் பிடிச்சு இழுக்குது. வேகம் கூடக்கூட இன்னும் இழுக்கும். பையனுக்குப் பந்தயம் இருக்கிற அன்னைக்கு மட்டும் மாட்டிக்கங்க" என்றார்.

பையனுக்கு இனிமேல் பந்தயமே கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவனில்லாமல் திரும்பிய நாளிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது. நிமிர்ந்து பார்ப்பதைத்தான் நாம் இரண்டு பேரும் விட்டுவிட்டோமே.

பத்து மணிக்கு அதைக் கழற்ற ஆள் வருவான். கார் சாவி ஆணியில் தொங்குகிறது.

பின்குறிப்பு: செருப்பை மாட்டிய பிறகு போய்ப் பார்த்தேன். கைப்பிடியில் அவன் சுற்றிய டேப் பிரிந்து தொங்குகிறது. ஓட்டும்போது மேலே படபடவென்று கேட்குமே, அது இதுதான்.

ஆள் வந்தால் திருப்பி அனுப்பிவிடு. வழியில் ஒரு தடவை நிறுத்திச் சார்ஜ் போட்டுக்கொள். இனி எங்கே போய்ச் சேரவும் நமக்கு என்ன அவசரம்?