மயிலுக்குக் காவல் யார்?

அன்புள்ள அக்கா,

இன்று பக்கத்துக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கினார்கள். ஈர மண்ணும் பச்சைக் கடலையும் கலந்த அந்த வாசனையில் உங்கள் ஜீப் எங்கள் கொல்லையில் வந்து நின்ற நாள் ஞாபகம் வந்தது.

மண் பார்க்கிற சார், மாட்டு டாக்டர், வேளாண் பொருளாதாரம் படித்த நீங்கள். கடலை ஆய்ந்த கொடியை மண்ணில் உழுவதா, மாட்டுக்குப் போடுவதா என்று அவர்கள் இருவரும் சண்டையே போட்டார்கள். நீங்கள் சிரித்தீர்கள். "கேள்விய மாத்திக்குவோம். சார் மாட்டைப் பத்திக் கேளுங்க. டாக்டர் கூலிக் கணக்கு கேளுங்க. நான் மண்ணைப் பத்திக் கேக்குறேன்."

டாக்டருக்குக் கணக்கு வரவில்லை. கண்ணில் பட்டதைக் கேட்டார். "தட்டும் கையுமா ஒரு புள்ள நிக்கிதே, அதுக்கு என்ன கூலி?"

"அது மயிலு வெரட்ட. நம்ம புள்ளதாங்க, கூலியெல்லாம் கெடையாது" என்றார் அப்பா.

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். "என் கணக்குல இந்தப் புள்ளையே இல்லையே! ஸ்கூலுக்குப் போகலையாம்மா?"

"எட்டோட நிப்பாட்டியாச்சு." எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

அடுத்த பட்டத்துக்கு இன்னொரு கொல்லையையும் குத்தகைக்குப் பிடிக்க அப்பா நினைத்திருந்தார். பிடித்திருந்தால் என் காலம் மயிலோடுதான்.

"மயிலு எந்த டிபார்ட்மெண்டுங்க?" என்று டாக்டர் கேலி செய்தார். மண் சார் மட்டும் யோசித்தார். "பக்கத்துக் கொல்லைக எல்லாம் ஒரே ஈரத்துல வெதச்சா?" என்று இழுத்தார். "ஆளுக்கொரு நாள் காவலுக்கு மொறை வச்சுக்கலாம்!" என்று நீங்கள் முடித்தீர்கள். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். அப்பாவும் குத்தகைப் பேச்சை விட்டார். முறை வராத நாட்களில் அரிமளத்துக்குத் தையல் வகுப்புக்குப் போகிறேன்.

போன மழைக்காலத்தில் நீங்கள் இறந்துபோனதை டாக்டர்தான் சொன்னார். டாக்டரைக் கூலிக் கணக்கு கேட்கச் சொல்ல உங்களுக்கு எப்படித் தோன்றியது? அதை அன்றே உங்களிடம் கேட்க நினைத்தேன், வெட்கத்தில் கேட்கவில்லை.

இன்று புதிதாக ஒரு சார் தனியாக வந்திருந்தார். அடுத்து மக்காச்சோளம் போட்டால் லாபம் என்று பக்கத்துக் கொல்லைக்காரரிடம் சொன்னார். அந்தக் கொல்லையில் மட்டும் தனிப் பயிர் வைத்தால் காவல் முறை கலைந்துவிடும். கொல்லைக்காரருடைய மகள் பள்ளிக்கூடப் பையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன்.

"சார், மயிலுக்குக் காவல் யாரு?"

அவர் பேச்சை நிறுத்தினார். "என்னம்மா கேட்ட?" என்று வேலியருகே வந்தார்.

இன்னொரு முறை, சத்தமாகக் கேட்டேன் அக்கா.