நாலு முழம் நாடா

24 ஜூலை 1961, திங்கள்

விடிந்ததிலிருந்து தென்னூர் முழுக்க ஆடிக் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் மண்.

குழாயில் தண்ணீர் ஆறு மணியிலிருந்து ஏழு வரைதான். ஆறு குடித்தனத்துக்கு ஒரே குழாய், அதுவும் சந்துக்கு அந்தப் பக்கம். இரண்டாவது குடம் நிறைவதற்குள் ரவியைக் காணோம். இருபது மாதப் பிள்ளை. நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. வாய்க்கால் கரையின் விளிம்பில் நின்றான். அவனுடைய ஒரு செருப்பு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கை கொட்டிச் சிரிப்பு.

தூக்கி வந்து முதுகில் இரண்டு வைத்தேன். அப்புறம் நான்தான் அழுதேன். அவன் அழவில்லை.

அதே இடத்தில்தான் போன மாதம் அஞ்சலையின் பெண் தண்ணீரோடு போனது. கரையில் குடிசை, பூ விற்கிறவள். பெண்ணுக்கு மூன்று வயது. மறுநாள் முனிசிபாலிட்டியிலிருந்து ஒருவர் வந்து வேலி போடவேண்டும் என்று டேப் பிடித்து அளந்தார். அளந்ததோடு சரி. மாடிவீட்டுப் பிள்ளை விழுந்திருந்தால் இந்நேரம் சுவரே எழும்பியிருக்கும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் கண்ணு எங்கே இருந்துச்சு?" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

கண் இரண்டு. குடம் இரண்டு, அடுப்பு ஒன்று, பிள்ளை ஒன்று. எதைப் பார்க்க?

26, புதன்

கடைக்குப் போனேன். சீயக்காய், திரி, ரவிக்கு கிரைப் வாட்டர். திரி மறந்துபோச்சு.

காரணம்: சின்னக்கடைத் தெருவில் கவுன் போட்ட ஒரு சட்டைக்கார அம்மாள், ஆங்கிலோ-இந்தியக்காரி. முன்னால் அவள் பிள்ளை. தோளிலும் மார்பிலும் தோல்வார் பூட்டி, வாரின் முனை அவள் கையில். மறுகையில் குடை. பிள்ளை வண்டிப் பக்கம் பாய்ந்தது. ஒரு சுண்டு. திரும்பிவிட்டது. தெருவில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. வழிவிட்டார்கள்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவளுக்குத் தமிழ் வந்தது. "தோள், மார், இங்கேதான் பிடிக்கணும். இடுப்பிலே கட்டாதே. தலைகுப்புற விழும்."

திரும்பும் வழியில் ரோடு போடுகிற பெண்கள். ஒரு பிள்ளையைப் புளியமரத்தில் கிழிசல் புடவையால் கட்டிவைத்திருந்தார்கள். இதை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

27, வியாழன்

கட்டில் நாடா மிச்சம் இருந்தது. அவருடைய பழைய கோட்டுப் பொத்தான் நாலு. தோளுக்கு இரண்டு பட்டை, மார்பில் குறுக்கே ஒன்று, முதுகில் பிடிக்கிற நாடா நாலு முழம். தையல் எல்லாம் இரட்டைத் தையல். விரலில் ஊசி மூன்று தடவை.

ரவிக்குப் பிடித்திருக்கிறது. கழற்றினால்தான் அழுகிறான்.

28, வெள்ளி

குழாயடிக்குக் கட்டிக் கூட்டிப்போனேன். வரிசையில் ஒருத்தி:

"என்ன சரோஜா, சந்தைக்கா? பல்லைப் பிடிச்சுப் பாத்துத்தான் வாங்குவோம்."

டீக்கடைக்காரன்: "முனிசிபாலிட்டியிலே லைசென்ஸ் வில்லை வாங்கியாச்சுங்களா? இல்லாட்டி வண்டியிலே தூக்கிட்டுப் போயிடுவான்."

"நாய் பிடிக்கிறவனுக்கு முதல்லே உங்களைக் காட்டிவிடறேன்" என்றேன். பக்கத்துப் போர்ஷன் மேரி அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எனக்கு ஒண்ணு தைச்சுக் கொடுடி, எங்க வீட்டுக்காரருக்கு."

இரண்டு குடமும் நிறைந்தது. ரவி நான் நின்ற இடத்திலிருந்து நாலு முழத்துக்கு அப்பால் போகவில்லை. ஒரு மாதமாக இப்படி மூச்சு விட்டதில்லை.

சாயங்காலம் அவர்: "கழட்டு அதை. ஆபீஸ்ல வந்து கேக்கறான்."

"தண்ணி நீங்க பிடிச்சுட்டு வாங்க, கழட்டறேன்."

பேப்பரை விரித்துக்கொண்டார்.

30, ஞாயிறு

துறையூர் அண்ணி வந்துவிட்டார்கள். அவருடைய அக்கா. ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபத்தில் குளிக்கவேண்டும். ஒரு மூட்டை கடலை, இரண்டு பூசணி, ஏகப்பட்ட புத்திமதி.

ரவியைப் பார்த்ததும் பூசணியைக் கீழே போட்டார்கள். "அடிப்பாவி, தோளையும் மாரையும் சுத்திக் கட்டுறது பாடையிலேடி! உசிரோட இருக்கிற புள்ளைக்கா?"

பொத்தானை அவிழ்க்கக்கூட இல்லை. இழுத்ததில் இரண்டு தெறித்தது.

"ஆம்பளைப் புள்ளைக்குக் கயிறுன்னா அரைஞாண்தான். அதுலே கட்டு. அதுக்குத்தானே தாய்மாமன் போட்டது." முதல் பிறந்தநாளுக்கு என் அண்ணன் போட்ட வெள்ளி அரைஞாண்.

சட்டைக்கார அம்மாள் சொன்னதைச் சொன்னேன். "அவ சொன்னா வேதமா?" என்றார்கள். அவர் சுவரைப் பார்த்தபடி, "அக்கா சொல்றதைக் கேளு. நாலு நாள்தானே."

கட்டினேன். அண்ணி கட்டவில்லை, அவர் கட்டவில்லை. என் கையால் நான்தான் கட்டினேன். எழுதி வைக்கிறேன்.

2 ஆகஸ்ட், புதன், மத்தியானம் மூன்று

ரவி தூங்குகிறான். நடந்ததை வரிசையாக எழுதவேண்டும்.

மாம்பழச்சாலையில் பஸ் இறங்கும்போதே தலைகள்தான் தெரிந்தன. காவிரி இரு கரையும் தொட்டு, காப்பி நிறத்தில். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ரவியின் நாடாவை என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன்.

பூஜை முடிந்தது. அண்ணி எனக்குப் புது மஞ்சள் கயிறு கட்ட வந்தார்கள். குனிந்து, கண்ணை மூடி, கை கூப்பவேண்டும். செய்தேன். கண் மூடியிருந்தது நூறு எண்ணும் நேரம் இருக்காது. நாடா மணிக்கட்டில்தான் இருந்தது. இழுக்கவில்லை. சமத்தாக நிற்கிறான் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தேன். நாடாவின் மறுமுனை தரையில் கிடந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே. அரைஞாணில் மாட்டிய வளையம் காலி. எவனோ வெள்ளியை வெட்டி உருவியிருக்கிறான். வெள்ளியோடு போனது பிள்ளை.

கத்தினேனா தெரியவில்லை. அண்ணி கத்தியது கேட்டது. தண்ணீரைத்தான் பார்த்தேன். வேறு எங்கும் பார்க்கத் தோன்றவில்லை. படிப்படியாக இறங்கினேன். முழங்கால். இடுப்பு. யாரோ பின்னாலிருந்து புடவையைப் பிடித்து இழுத்தார்கள்.

"தென்னூர் அம்மா! இங்கே பாருங்கம்மா! தம்பி இங்கே!"

அஞ்சலை. படித்துறை ஓரத்தில், காவிரிக்கு விடுகிற காதோலை கருகமணி விற்கும் கூடையோடு. அவள் முழங்காலில் கட்டிய துணியின் மறுமுனையில் ரவி, வாயில் வாழைப்பழம். முந்தானையைக் கிழித்து அக்குளுக்கடியில் விட்டு, தோள்மேல் எடுத்து, மார்பில் முடிந்திருந்தாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல்.

"நாலாம் படியிலே நின்னுச்சும்மா. அஞ்சாம் படி தண்ணிக்குள்ளே. கையிலே பிடிச்சா ஏவாரம் ஓடாது, அதான் கட்டிப் போட்டேன்."

முடிச்சை அவிழ்த்தாள். பிள்ளையை உடனே விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம். நானும் கேட்கவில்லை.

அதற்குள் அண்ணி வந்தாயிற்று. "வெள்ளி எங்கேடி? புள்ளை இடுப்புலே கிடந்த வெள்ளி எங்கே?"

"புள்ளையைத்தாம்மா பாத்தேன். இடுப்பைப் பாக்கலே."

"பாக்காமலா கட்டிப்போட்டே?"

கூட்டம். போலீஸ்காரர் ஒருவர். கூடையைக் கவிழ்த்தார். காதோலை, மஞ்சள் கயிறு எல்லாம் ஈரத்தில். கருகமணி உருண்டு படி இறங்கித் தண்ணீருக்குள். புடவையை உதறச் சொன்னார். உதறினாள். ஒன்றும் இல்லை.

நான் ரவியின் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்த பிறகு, "அவ எடுக்கலைங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வேலி போடாதவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவளின் வாய் இது.

3, வியாழன்

அண்ணிக்குத் துறையூர் பஸ் காலை எட்டுக்கு. போகும்போதும் வெள்ளிதான். "எத்தனை கனம்!" பிள்ளையின் கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வாசலில் நின்று சொன்னேன்: "அண்ணி, நீங்க சொன்ன இடத்திலே கட்டினதாலேதான் போச்சு. அந்தப் பொம்பளை இல்லேன்னா புள்ளையும் போயிருக்கும்."

அவர், "சரோஜா!" என்றார். அண்ணி ரவியை ஒரு தரம் தொட்டார்கள். தோளில். போய்விட்டார்கள்.

தெறித்த பொத்தான் இரண்டையும் தைத்தேன். மிச்ச நாடாவில் சின்ன அளவில் இன்னொன்று. அஞ்சலைக்கு ஒரு வயதில் ஒரு பையன் இருக்கிறான், இப்போதுதான் நடை. மேரி அக்காதான் சொன்னாள். எனக்குத் தெரியாது. வாய்க்காலுக்கும் எங்கள் கொல்லைக்கும் இருபது அடி.

4, வெள்ளி

குழாயடிக்கு ரவி பட்டை பூட்டித்தான் வந்தான். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவர் வாசலில் நின்று பார்த்தார். கழற்றச் சொல்லவில்லை.

பத்து மணிக்குக் குடிசைக்குப் போனேன். அஞ்சலை நார் கிழித்துக்கொண்டிருந்தாள். "உள்ளே வாங்க" என்று சொல்லவில்லை. சொல்ல உள்ளே என்று எதுவும் இல்லை.

"அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன், அஞ்சலை. தப்பு."

"விடுங்கம்மா. உங்க புள்ளை கிடைச்சுதுல்ல." நிமிரவில்லை.

பட்டையைக் கொடுத்தேன். பையனுக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. தையலை இழுத்துப் பார்த்தாள். கெட்டி. பிறகு நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த முனையை யாரும்மா பிடிக்கிறது? நான் பூ வாங்கப் போனா மத்தியானம்தான் திரும்புறேன். பக்கத்துக் குடிசைப் பெரியம்மா சோறு ஊட்டும். புள்ளை ஓடினா அதாலே பின்னாலே ஓட முடியாது."

தைக்கும்போது இது எனக்குத் தோன்றவேயில்லை. என் வீட்டில் பிடிக்க ஒரு கை எப்போதும் உண்டு.

"நான் பாத்துக்கறேன்னு சொல்லலாம். காலையிலே எனக்கே..." என்றேன்.

"வேணாம்மா. உங்க வீட்லே பேச்சு வரும்."

கரையில் ஒரு பூவரச மரம். அதில் கட்டலாம் என்றாள். மரத்திலிருந்து தண்ணீர் வரை அவள் கையால் அளந்தாள். ஐந்து முழம். நாடா என் கையால் நாலு. பிள்ளை கை நீட்டினால் இன்னும் கொஞ்சம். ஒரு முழம் வெட்டினேன். மூன்று. போதும் என்றாள். பையனைக் கட்டினோம். அவள் பூ வாங்கக் கிளம்பினாள். வந்துவிட்டேன்.

மணி பன்னிரண்டரை. எழுதும்போதுதான் உறைக்கிறது. அவள் என் தோளுக்குத்தான் இருக்கிறாள். அவள் முழம் வேறு, என் முழம் வேறு. அவள் அளந்த ஐந்து என் கைக்கு நாலுதான். அதோடு வாய்க்காலில் காலையைவிட இப்போது ஒரு சாண் தண்ணீர் அதிகம், மேலே திறந்துவிட்டிருக்கிறார்கள். சோறு வடிக்கவில்லை. ரவியை மேரி அக்காவிடம் விட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு