கம்மோடுகளுக்கு நடுவே ஐந்தாம் வகுப்பு

ஜூன் 10, செவ்வாய்

வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையை வானத்தை நோக்கி உயர்த்தி (அப்படியென்றால் எந்தக் கையால் எழுதுகிறேன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது) சத்தியம் செய்கிறேன்: இந்த நோட்டில் இன்றுமுதல் நான் எழுதப்போவதை ஒரு ஜீவனும் நம்பாது. நம்பவும் வேண்டாம். "நீ சொல்றதுல பாதி பொய், மீதிப் பாதி ஊதிப் பெருசாக்கினது" என்று என் தங்கச்சி முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்கே தலைமையாசிரியை. கணக்கு தப்பாது.

இன்றைய செய்தி: டைல்ஸ், குழாய், வாஷ்பேசின், கம்மோடு விற்கும் என் சாம்ராஜ்யத்துக்கு இன்று மொத்தம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சில்லறை கேட்டார். இன்னொருவர், சந்திப்பில் புதிதாகத் திறந்திருக்கும் நாலு மாடிக் கடைக்கு வழி கேட்டார். எனக்குப் போட்டி அந்தக் கடைதான். வழி சொன்னேன். வாசல்வரை வந்து கையும் காட்டினேன். அதற்காக எனக்கே ஒரு சிலை வைக்கலாம்.

வாசலில் ஆறுவழிச் சாலை வேலை. பன்னிரண்டு அடி வாசலில் இப்போது மிச்சம் மூன்றடி. தோண்டிய வேகத்தில் என் கடையின் பழைய கழிவுத் தொட்டியையும் உடைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் சபதம் போட்டேன்: என் வாசலைத் தின்றவர்கள் போடும் புதிய சாக்கடைக் குழாயில் என் கடைத் தண்ணீர் ஒரு சொட்டு போகாது! இணைப்புக்கான படிவத்தை மடித்து மேஜைக்குக் கீழே முட்டுக்கொடுத்துவிட்டேன். மேஜை இப்போது ஆடுவதில்லை. ஆறு மாதமாக அவசரத்துக்குப் பக்கத்து முடிதிருத்தக் கடைக்குப் போகிறேன். ஒவ்வொரு முறையும் மரியாதைக்காக ஒரு ஷேவிங். இந்த ஊரிலேயே இவ்வளவு வழவழப்பான கன்னம் வேறு எவனுக்கும் கிடையாது.

ஜூன் 12, வியாழன்

தங்கச்சி கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அதிலேயே தெரிந்தது, விஷயம் பெரிது.

அவள் பள்ளிக்கூடம் மூன்று கடை தள்ளி. சாலைக்காக அதன் முன்பக்க அறையை இடிக்கிறார்கள். அது ஐந்தாம் வகுப்பு. பின்னால் புது அறை கட்ட நாலு மாதம் ஆகும். புதுக் குடியிருப்புகளிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளால் மற்ற வகுப்புகளில் ஒரு ஊசி நுழைய இடமில்லை. நாற்பத்தொரு பேரை எங்கே உட்காரவைப்பது?

"இடம் காட்டலைன்னா சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்களாம்ணா."

"நல்ல ஸ்கூல்தானே?"

"ஸ்கூல் நல்லதுதான். நடுவுல ரோடு இருக்கே. பாலம் இன்னும் வரலை, சிக்னல் இன்னும் வரலை. லாரி மட்டும் வந்தாச்சு."

 பிறகு என் கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். நீளம் அறுபதடி. ஆள் ஒருவரும் இல்லை.

"அண்ணா... உன் கடை சும்மாதானே கிடக்கு?"

அவமானத்தில் என் மீசை உதிர்ந்தது. ஆனால் சரி என்றுதான் சொன்னேன். எப்போது சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 14, சனி

டைல்ஸ் அடுக்குகளைச் சுவரோரம் தள்ளினேன். கம்மோடு பதினான்கையும் தள்ள முடியவில்லை. தரையோடு சிமெண்ட் போட்டு ஒட்டியவன் நான்தான். இடுப்பு இரண்டாக உடைந்து, ஒன்று மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

ஜூன் 16, திங்கள்

வகுப்பு தொடங்கியது. நாற்பத்தொரு பேர் அல்ல, நாலாயிரத்து நூறு பேர் வந்தமாதிரி இரைச்சல். ஐந்தாம் வகுப்பு டீச்சர் சின்ன வயசு, சன்னக் குரல். மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். என் இருபது வருஷக் கடையில் அப்படி ஓர் அமைதி கடன்காரர் வந்தபோதுகூட இருந்ததில்லை.

பெஞ்சு போதவில்லை. பத்து நிமிஷத்தில் பின்வரிசைப் பதினான்கு பேரும் மூடியைக் கவிழ்த்துவிட்டுக் கம்மோடுகள்மேல் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார்கள். நாளைக்கு அந்த இடத்துக்குச் சண்டை வரும்போலிருக்கிறது.

பதினொரு மணிக்கு ஒரு குட்டிப் பெண் கையைத் தூக்கினாள். எதற்கும் கேள்வி கேட்பாள்போல. உடனே கேள்விக்குறி என்று பெயர் வைத்துவிட்டேன்.

"மாமா, இதுல எது வேலை செய்யும்?"

"எதுவும் வேலை செய்யாதும்மா. எல்லாம் பார்வைக்குத்தான்."

"அப்ப நீங்க எங்க போவீங்க?"

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. டீச்சரும் பார்த்தார். நான் கன்னத்தைத் தடவிக்கொண்டேன். கேள்விக்குறி மற்றவர்களோடு வரிசையில் நின்று, அவசரத்துக்கு டீச்சரோடு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டு வந்தாள்.

ஜூன் 25, புதன்

இன்று டீச்சரிடம் திட்டு வாங்கினேன். பரப்பளவு கணக்குக்குப் பிள்ளைகள் முழித்துக்கொண்டிருந்தார்கள். வாய் சும்மா இருக்குமா? கல்லாவிலிருந்தே சத்தமாக விடை சொல்லிவிட்டேன்.

"சார், பதில் தெரிஞ்சா கை தூக்கணும்."

தூக்கினேன். ஐம்பத்தாறு வயசில், என் சொந்தக் கடையில்.

"சொல்லுங்க."

"பன்னிரண்டுக்குப் பத்து அறைக்கு நூத்தி இருபது டைல், ஓரடி டைல்னா. உடையறதுக்குப் பத்துக்கு ஒண்ணு கூட வச்சு, நூத்தி முப்பத்திரண்டு."

டீச்சர் யோசித்துவிட்டு, "உடையறது புஸ்தகத்துல இல்லை சார்" என்றார். ஆனால் பலகையில் எழுதினார். பிள்ளைகள் டைல்ஸை எடுத்துத் தரையில் பரப்பிப் பார்த்தார்கள். ஒன்று உண்மையிலேயே உடைந்தது. "பார்த்தீங்களா!" என்று நான் கூவியதில் கல்லாப்பெட்டி தானே திறந்துகொண்டது.

இன்னொன்று. மூன்றரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மா அப்பாக்கள் வாசலில் மூன்றடிதான் இருக்கிறது என்பதால் உள்ளே வந்து நிற்கிறார்கள். நிற்பவர்கள் சும்மா நிற்பார்களா? சுவரோர டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார்கள். பாதிப் பேர் புது வீட்டுக்காரர்கள். இன்று ஒரு குளியலறை முழுக்கச் சாமான் விற்றுப் போயிற்று. நான் கூப்பிடவில்லை, விளம்பரம் செய்யவில்லை. இதை யாருக்கு எழுதி நன்றி சொல்வது? சாலைக்காரர்களுக்கா? நாக்கு எழவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

செவ்வாய்க்கிழமை இடத்தைப் பார்க்கக் கல்வித் துறை அதிகாரி வருகிறாராம். இடம் சரியில்லை என்று எழுதினால் அடுத்த திங்களிலிருந்து நாற்பத்தொரு பேரும் சாலைக்கு அந்தப் பக்கம்.

ஜூலை 8, செவ்வாய்

வந்தார். கையில் படிவம். உயரம் சுமார் பதினெட்டு அடி. சரி, ஆறடி. வெளிச்சம் பார்த்தார், காற்று பார்த்தார், தலைகளை எண்ணினார். எல்லாவற்றுக்கும் டிக். ஒரு பையனிடம் கணக்குக் கேட்டார்; அவன் உடைவதற்கும் சேர்த்துப் பதில் சொன்னான். மனுஷர் அசந்தே போனார்.

அடுத்த கட்டம்: 'இதே கட்டிடத்தில் கழிப்பறை எண்ணிக்கை.'

அதிகாரி நிமிர்ந்தார். கண் முன்னால் வெள்ளை வெளேரென்று பதினான்கு. வரிசையாக. இந்த உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் வாய்க்காத பாக்கியம். எண்ணினார். "பதினாலு" என்று எழுதினார். நான் மூச்சு விடவில்லை. தங்கச்சி என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன்.

"சார்" என்றார் டீச்சர். "அதுல எதுக்கும் கனெக்‌ஷன் இல்லை. பிள்ளைங்களை ஸ்கூலுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

பேனா நின்றது. "லாரி போற வழியாவா?"

"ஆமா சார். கையைப் பிடிச்சுத்தான்."

பதினான்கை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். நல்ல மனுஷர்தான், கத்தவில்லை. "கட்டிடத்துக்குள்ளயே ரெண்டு வேணும்மா. வெள்ளிக்கிழமை திரும்ப வர்றேன். இல்லைன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது."

அவர் போனதும் நான் குதித்தேன். ஏன்மா, ஏன் சொன்னீங்க? அவரே எழுதிட்டாரே! யார் கேட்டா உங்களை?

டீச்சர் என்னிடம் குரலை உயர்த்தவில்லை. "நாற்பத்தொரு பேர் கேட்டுட்டு இருந்தாங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

 ஊருக்கெல்லாம் கம்மோடு விற்றவன் நான். ஆயிரம் வீட்டுக்கு அனுப்பியவன். சொந்தக் கடையில் ஒன்று கிடையாது. ஏன் கிடையாது? என் ரோஷம்! வாசலிலேயே மூடிபோட்டு வைத்திருக்கிறார்களடா குழாயை, ஆறு மாசமா! அந்தக் குழந்தைகள் லாரி போகும் ஓரமாகப் போய் வந்ததற்கு நான்தானே காரணம்? வேறு யார்?

மேஜைக்கு அடியிலிருந்து படிவத்தை உருவினேன். கையெழுத்துப் போட்டேன். மேஜை ஆடியது. ஆடட்டும்.

ஜூலை 9, புதன்

காலை எட்டு மணிக்கு இணைப்பு அலுவலகத்தில் முதல் ஆள் நான். அங்கிருந்த அம்மா படிவத்தின் நாலு மடிப்பையும் பிரித்துப் பார்த்து, "இது என்ன சார், மேல வட்டமா அழுக்கு?" என்றார். மேஜைக்கால் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். சாலைக்காரர்களோடு எனக்கு இருந்த ஆறு மாத யுத்தம் அந்த ஒரு குத்தில் முடிந்தது.

குழாய்க்காரர் மத்தியானம் வந்தார். என் பழைய கூட்டாளி. "சபதம் என்னாச்சு அண்ணே?" என்றார். சபதத்துக்கு இன்று விடுமுறை என்றேன்.

கடையின் பின்கோடியில் தோண்டினோம். நான் தோண்டிய வேகத்துக்குப் பூமியின் மறுபக்கத்தில் ஆட்கள் பயந்து ஓடியிருப்பார்கள். டீச்சர் ஐந்து நிமிஷம் பாடத்தை நிறுத்திவிட்டு, குழாய் ஏன் சரிவாகப் போகவேண்டும் என்று பிள்ளைகளுக்குக் குழியைக் காட்டினார். கேள்விக்குறி எட்டிப் பார்த்து, "மாமா, இது வேலை செய்யுமா?" என்றாள்.

செய்யும்மா. செய்தே ஆகணும்.

ஜூலை 10, வியாழன்

சுவர், கதவு, டைல்ஸ். நீலமும் வெள்ளையும், கடையிலேயே உயர்ந்த ரகம். நூற்று நாற்பது எடுத்தேன், ஒன்றுகூட உடையவில்லை. பாடம் நடத்தியபோது உடைந்தது, இப்போது உடையவில்லை. இதுவும் ஒருவரும் நம்பாத சங்கதிதான்.

ஜூலை 11, வெள்ளி

அதிகாரி வந்தார். இரண்டு கதவையும் திறந்தார். இரண்டையும் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் வந்த சத்தம்... நயாகராவாவது ஒன்றாவது! நாற்பத்தொரு பேரும் கைதட்டினார்கள். அதிகாரி கண்ணீர்விட்டு அழுது, என்னைக் கட்டிப்பிடித்து, நாட்டின் உயரிய விருதுக்கு என் பெயரைச் சிபாரிசு செய்தார்.

பூஜ்யத்தை அடித்து இரண்டு போட்டு, கையெழுத்தும் போட்டார்.

தங்கச்சி அப்போதுதான் உட்கார்ந்தாள். ஒரு மாதத்தில் முதல்முறையாக என் கடை நாற்காலியில். "டீ சொல்லுண்ணா" என்றாள். சொன்னேன். டீச்சருக்கும் சேர்த்து. அன்று குதித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கை தூக்கித்தான் கேட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

எதிர்பாராத ஒன்று. மாடியில் தையல் கடை வைத்திருக்கும் நாலு பெண்கள் இறங்கி வந்து வாசலில் தயங்கி நின்றார்கள். திரைத்துணி விலை கேட்பதுபோல ஏதோ பேசினார்கள். என்னிடம் திரைத்துணி ஏது? கடைசியில் மூத்தவர்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாங்களும் உள்ள போகலாமா?"

மாடியில் கிடையாதாம். வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொள்வார்களாம். அதற்காகவே பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லையாம், மூன்று வருஷமாக. இருபது படி மேலே. எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை.

எந்நேரமும் வாங்கம்மா என்றேன். இதைப் பெரிதாக்கி எழுத எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாலு மாடிக் கடைக்குப் போய்விட்டு அங்கிருந்து என் கடைக்கு வழி கேட்டு ஒருவர் வந்தார்! ஐந்தாம் வகுப்பு நடக்கும் கடை எது என்று கேட்டாராம். பேரரசன் அடியேன் இன்று தரையில் நடக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

புது அறை தயார். பெஞ்சுகளைத் தூக்கிப் போனார்கள். பலகையையும். கேள்விக்குறி கடைசியாகப் போனாள். "மாமா, உங்களுக்கு போரடிக்காதா?" என்றாள்.  கை தூக்காமல் நின்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து எட்டு வாடிக்கையாளர்கள். நன்றாக வியாபாரம் ஆயிற்று. இருந்தாலும் கடை ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது. பதினொரு மணிக்கு இடைவேளை மணி மூன்று கடை தாண்டிக் கேட்டது. அந்தக் கூச்சலும் கேட்டது, சின்னதாக. சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான்.

நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். தங்கச்சி படித்தால் என்ன சொல்வாள் என்று தெரியும். ஆகையால் அவளுக்கு முன்னால் நானே ஒப்புக்கொள்கிறேன். மீசை உதிர்ந்தது பொய். எனக்கு மீசையே கிடையாது. அதிகாரி அழுதது பொய். விருது பொய். பூமியின் மறுபக்கத்து ஆட்களை நான் விசாரிக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். நாலு மாதம், நாற்பத்தொரு பிள்ளைகள். அந்தச் சாலையை ஒரு நாள்கூட, ஒரு பிள்ளைகூடக் கடக்கவில்லை.